ஏழு புள்ளடிகள்

“யப்பான்காரன் எந்த இடத்திலை இறங்கப் போறான்? நான் கண்டுபிடிக்க முன்னம் நீரே சொல்லிப்போடும்.”

இன்ஸ்பெக்டர் யாகப்பு ஒரு தாளை அருளம்பலத்தின் திண்ணை மேசையில் விரித்தார். அதில் ஓர் ஒழுங்கை, ஒரு கிணறு, ஒரு பனங்கூடல். பனைகளுக்கு நடுவே பெருக்கல் குறிபோலக் கரியால் போட்ட ஏழு புள்ளடிகள்.

அருளம்பலம் தாளைப் பார்த்தார். கரவெட்டியில் அவருடைய வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பனங்கூடல்தான். சொந்தக்காரர் மலாயாவில், அங்கே ஆள் நடமாட்டம் இல்லை. போன கிழமை கொழும்புத் துறைமுகத்தில் வேலை பார்க்கும் மைத்துனருக்கு எழுதிய கடிதத்தோடு இந்தத் தாளும் போனது. யுத்த காலம். வழியில் யாரோ உறையை உடைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

“ஐயா, இது என்ரை பிள்ளையள் கீறின படம்.”

“எல்லா உளவாளியளும் உப்பிடித்தான் சொல்லுறவங்கள்” என்றார் இன்ஸ்பெக்டருடன் வந்திருந்த ஊர் அதிகாரி, விதானையார் சோமசேகரம். அவர் இன்னும் படத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமலே அவருக்கு விளங்கிவிட்டது.

ஊரில் நெல் பதுக்குகிறவர்களைப் பிடித்துக் கொடுப்பது விதானையாரின் வேலை. அதில் அவருக்கு நல்ல பெயர். இன்றைக்கு ஓர் உளவாளியும் அகப்பட்டதில் முகம் மலர்ந்திருந்தது.

“பிள்ளையளைப் பள்ளிக்கூட நேரத்திலை ஏன் வீட்டிலை வைச்சிருக்கிறார் எண்டு கேளுங்கோ ஐயா. இந்த ஒழுங்கையிலை பகலிலை ஒரு பிள்ளையும் இல்லை எண்டெல்லோ நான் நினைச்சிருந்தனான்.”

காரணம் பெரிதல்ல. கொழும்பில் குண்டு விழுந்தபின் ஊர் திரும்பிய பிள்ளைகளால் பள்ளிக்கூடத்தில் ஒரு வாங்குப் பலகையில் ஒன்பது பேர். அருளம்பலம் கொழும்பில் படவரைஞராக இருந்தவர். ஒன்பது வயதுக் கமலாவதிக்கும் ஆறு வயதுத் தங்கமுத்துவுக்கும் வீட்டிலேயே படிப்பித்தார். காலையில் கணக்கு, பத்து மணிக்கு மேல் சித்திரம். தாளுக்குப் பழைய கலண்டரின் பின்பக்கம். நிறத்துக்கு மஞ்சளும் சலவை நீலமும் அடுப்புக் கரியும். தூரிகைக்குக் கோழி இறகு.

“ஐயா, என்ரை பிள்ளையளுக்குக் கற்பனை கிடையாது. நான் விடுறதில்லை. கண்ணுக்கு முன்னாலை நிக்கிறதைத்தான் கீறுவினம்.”

“அப்ப இந்தப் புள்ளடி?”

அது அருளம்பலத்துக்கும் தெரியாது. தபால் போகிற அவசரத்தில் படத்தைச் சரியாகப் பார்க்காமலே உறைக்குள் வைத்துவிட்டார். உளவாளிக்குத் தூக்கு என்று பத்திரிகையில் படித்தது மட்டும் சரியாக நினைவிருந்தது.

“சோதிச்சுப் பாருங்கோ” என்றார், சுவரில் ஒட்டியிருந்த மற்றப் படங்களைக் காட்டி.

இன்ஸ்பெக்டர் பசுமாட்டின் படத்தைக் கழற்றிக்கொண்டு முற்றத்து மாட்டுக்கொட்டிலுக்குப் போனார், மற்றவர்களும் பின்னால் போனார்கள். பசுவுக்கு இடது காது கிழிந்திருந்தது, படத்திலும் கிழிந்திருந்தது. பின்னங்காலில் சாணி, படத்திலும் சாணி. வால் மட்டும் இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் கொஞ்சம் கரி பூசினாற்போல் இருந்தது.

“வால் எங்கை?”

“அது ஆடினது” என்றாள் கமலாவதி.

இன்ஸ்பெக்டர் பார்த்தார். அப்போதும் ஆடியது.

திரும்பி வந்து அடுத்ததைக் கழற்றினார். கோயில் மடத்தில் வாயைத் திறந்தபடி நித்திரை கொள்ளும் விதானையாரின் படம். மீசை ஒரு பக்கம் கட்டை. இன்ஸ்பெக்டர் படத்தை விதானையாரின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். ஒரு பக்கம் கட்டைதான்.

“உள்ளதைத்தான் கீறியிருக்குதுகள்” என்றார். மேசையில் கிடந்த தாளை எடுத்தார். “அப்ப பனங்கூடலுக்கை ஏழு இடத்திலை ஏதோ இருந்திருக்கு. விதானையார், உது ஆரின்ரை காணி?”

விதானையார் முதன்முறையாகக் குனிந்து படத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

“விடுங்கோ ஐயா, குழந்தைப்பிள்ளையள். சும்மா கிறுக்கியிருக்குதுகள்.”

“இப்பதானே உளவாளி எண்டியள்?”

“ஆர், அருளம்பலமோ? தங்கமான மனிசன். இவரின்ரை தகப்பனையும் எனக்குத் தெரியும். வெய்யில் ஏறுது, வாங்கோ போவம்.”

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்தார். அருளம்பலம் அத்தோடு பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் உளவாளி என்றதைப் பொறுத்தவரால் கிறுக்கல் என்றதைப் பொறுக்க முடியவில்லை.

“என்ரை பிள்ளையள் கிறுக்கிறேல்லை! போகாதேங்கோ ஐயா. இப்பவே கேளுங்கோ!”

“சின்னப்பிள்ளையைப் போய் என்னத்தைக் கேக்கிறது?” என்றார் விதானையார்.

இன்ஸ்பெக்டர் தொப்பியை மேசையில் வைத்தார். “சொல்லு பிள்ளை, இந்தப் புள்ளடி என்ன?”

கமலாவதி தாளை வாங்கித் தன் வேலையை ஒருமுறை சரிபார்த்தாள்.

“ஆடினால் கீறேலாது ஐயா. அதுக்குப் புள்ளடிதான் போடுவம். மாட்டின்ரை வாலுக்கும் போட்டனாங்கள், தங்கச்சி அழிச்சுப்போட்டாள்.”

“இங்கை ஆர் ஆடினது?”

“விதானை மாமா. ஒரு இடத்திலை நெல்லுத் தகரத்தை மண்ணுக்கை தாட்டுப்போட்டு உடனை மற்ற இடத்துக்கு ஓடினவர். ஏழு தரமும் அப்பிடித்தான்.”

கொட்டிலில் மாட்டின் வாலைத் தவிர அங்கே வேறொன்றும் அசையவில்லை.

தங்கமுத்து மெல்ல ஒரு கலண்டர் தாளையும் கோழி இறகையும் எடுத்துவந்தாள்.

“அக்கா, மாமா இப்ப ஆடாமல் நிக்கிறார். கீறுவமே?”