நான்கு படி கீழே

ஜெசிந்தா குடிவந்த புதிதில் தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் அந்த வீட்டுக்குள் போக வேண்டும். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தார் போட்டார்கள். இப்போது நான்கு படி இறங்க வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த ஆசிரியர், சாலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"இது கிரவுண்ட் ஃப்ளோராம்மா, பேஸ்மென்ட்டா?"

"என்னைக் கேட்டா? வீடு நின்ன எடத்துலதான் நிக்குது. உங்க ரோடுதான் ஏறிக்கினே போவுது."

"ரெண்டு கட்டம்தான் இருக்கு. எதுல டிக் போட?"

"மழையில வா சார். கெணறுன்னு எழுதிக்கலாம்."

அவருக்குப் பின்னால் தார் லாரியும் ரோடு ரோலரும் வந்து நின்றன. தொழிலாளி ஒருவன் குனிந்தான். "யக்கா, ஜன்னலச் சாத்திக்க. தார் உள்ள வழியும்."

ஜெசிந்தா சாத்தவில்லை. ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே கையை நீட்டி, சாலையில் உள்ளங்கையை விரித்து அழுத்தினாள்.

"போடு."

யாரும் அசையவில்லை. ரோலர் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. ஆசிரியர் அந்தக் கையைப் பார்த்தார், பிறகு படிவத்தைப் பார்த்தார்.

"வீட்டுல மொத்தம் எத்தனை பேருன்னு மட்டும் சொல்லிடுங்கம்மா."