மலையேறிய சைக்கிள்

வனப் பூங்காவின் மலைப்பாதையில் மேடு வந்தாலே சைக்கிளை ஓட்டி வந்தவர் இறங்கித் தள்ளுவார். ‘பாவம், நான் மட்டும் இல்லாவிட்டால் எதைப் பிடித்துக்கொண்டு ஏறுவார்?’ என்று சைக்கிளுக்கு ஒரே இரக்கம்.

ராஜா காலத்துக் கோட்டை இருக்கும் ஊர் வந்ததும் அவர் கோட்டை வாசற்படியில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். அங்கே நின்ற கழுதையிடம் சைக்கிள் சொன்னது: "ஒரே மூச்சுல ஏறிட்டேன், பாத்தியா?"

"உங்க ரெண்டு பேர்ல யாரு யாரைச் சுமந்தீங்க?"

"இறக்கத்துல வந்து பாரு, நான் சுமக்கிறது தெரியும்!"

"இறக்கத்துல கல்லுகூடத்தான் உருளும், தம்பி."

சைக்கிளுக்குச் சுருக்கென்றது. அதற்குள் அவர் அடுத்த மேட்டை அண்ணாந்து பார்த்தார். கழுதைக்காரரிடம் பேசி, சைக்கிளைத் தூக்கிக் கழுதையின் முதுகில் கட்டினார்.

பாதி மேட்டில் ஆடுகள் எதிரே வந்தன. கழுதைமேல் குலுங்கியபடி சைக்கிள் மணியடித்தது:

"ஒதுங்குங்க, ஒதுங்குங்க! நான் மலையேறுறது கண்ணுக்குத் தெரியல?"