முதல் ஆள்

சனிக்கிழமை மதியம் ஷெஃபீல்டு இசைத்தட்டுக் கடையில் நல்ல கூட்டம். ஆனால் டெரிக்கின் மேசைப் பக்கம் ஒருவரும் வரவில்லை. எண்பதுகளில் சின்தசைசர் வாசித்துப் பாடிக் கலக்கியவர், ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போட்டுத் தரப் புது இசைத்தட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். எல்லோரும் ஓரக்கண்ணால் பார்த்ததோடு சரி.

சிவப்புக் கோட்டு போட்ட பெண்மணி ஒருத்தி விறுவிறுவென்று வந்தாள். அறுபது வயதிருக்கும்.

"சார், கண்ணுக்கு நீல மை பூசிக்கிட்டு டிவியில பாடினீங்களே, அன்னிலேருந்து நான் உங்க ரசிகை!"

கடை முழுக்கக் கேட்டது.

"ரொம்ப சந்தோஷம்மா. பேரு?"

"க்ளெனிஸ்."

இசைத்தட்டின் அட்டைக்குள் எழுதி நீட்டினார். படித்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்குள் அவள் பின்னால் ஒருவர் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் மூவர். வரிசை என்று ஒன்று வந்துவிட்டால் எங்கள் ஷெஃபீல்டில் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள். அது வாசல்வரை நீண்டது.

ஐந்து மணிக்கு டெரிக் வெளியே வந்து காரில் ஏறினார். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது அதே சிவப்புக் கோட்டு.

"ஊர் ஊரா வந்து வரிசையை ஆரம்பிச்சு வைக்கிற, சரி. இன்னிக்கு அழுகை கொஞ்சம் ஓவர்டி."

"அழ வெச்சுட்டுப் பேச்சைப் பாரு!"

க்ளெனிஸ் அட்டையைத் திறந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். மற்ற ஊர்களில் வெறும் கையெழுத்துதான் போடுவார். இன்று எழுதியிருந்தார்:

'அந்த நீல மையைப் பூசிவிட்ட என் பெண்டாட்டிக்கு. யாருமே வராதப்பவும் நீ வந்தே.'