பேப்பரோடு போகாதது

சமையலறைத் தரையில் குப்பையைக் கொட்டி, மறுசுழற்சிக்கு ஆகாதவற்றை மருமகள் தனிப் பையில் போடுகிறாள். பிஸ்கெட் உறை, மாத்திரை அட்டை, பிய்ந்த ஸ்பாஞ்சு. பழைய பேப்பருக்கு நடுவே ஒரு பொட்டலம் கனக்கிறது. “இதைப் போய் யாரு பேப்பரோட போட்டது? அறிவே கிடையாதா?” என்று வீடே அதிரக் கத்திவிட்டுத்தான் பிரிக்கிறாள். பெரியவர்கள் கட்டும் டயபர். கைக்குழந்தை இல்லாத வீடு இது. ஜன்னல் வெயிலில், இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருக்கும் மாமனார் குனிந்து விரல் நகத்தைப் பார்க்கிறார். அவளுக்கு முகம் எரிகிறது. “நான்தான் ஏதோ ஞாபகத்துல போட்டுட்டேன் மாமா.” அவர் நிமிரவில்லை. “உன் புருஷன் காதுல மட்டும் போட்டுடாதம்மா.” குளியலறையில் குழாய்ச் சத்தம் நிற்கிறது. “யாரைத் திட்டற?” என்கிறான் கணவன். “என்னையேதான்,” என்று சொல்லி, அவள் பையை இறுக்கிக் கட்டுகிறாள்.