வெள்ளைத் தூசி

காரோடு வந்த ஏர் ஃபில்டர் டப்பாவைப் பரணில் போட்டுவிட்டு, சிவப்புக் கூம்பு மாதிரி மூடியில்லாத ஒரு ஃபில்டரை வாங்கி மாட்டினான் அறிவரசன். அன்றிலிருந்து கார் புலியாய் உறுமியது. கூடவே டாஷ்போர்டில் மஞ்சள் எச்சரிக்கை விளக்கும் அடிக்கடி எரிந்தது.

"மறுபடியும் காத்தை அளக்குற சென்சார்தாங்க," என்றார் பெரம்பலூர் மெக்கானிக் அரியமுத்து. "உள்ள வெள்ளையா தூசி. சிமென்ட் ஃபேக்டரி பக்கம் போறீங்களோ?"

சிமென்ட் ஃபேக்டரிக்குப் பக்கத்திலிருந்த ரெட்டிபாளையத்து மாமியார் வீட்டுக்குப் போவதையே அறிவரசன் நிறுத்திவிட்டான். அவன் மனைவி நர்மதா தன் தம்பி நிச்சயதார்த்தத்துக்கு பஸ்ஸில் தனியாகப் போய்வந்தாள்.

விளக்கு அப்போதும் எரிந்தது.

வெறுத்துப்போய் மெக்கானிக்கிடம் பழைய டப்பாவையே மாட்டிக்கொண்டு வந்தான். அவன் பானெட்டைத் திறந்து காட்டியதும் எட்டிப் பார்த்த நர்மதாவின் முகம் சுருங்கியது.

"அந்தக் கூம்பு எங்கங்க?"

"கழட்டியாச்சு. ஏன்?"

"ஒர்க்‌ஷாப்லேருந்து வண்டி வரப்பல்லாம், இனிமே ரிப்பேரே ஆவக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டு, நீங்க குளிக்கப் போனதும் அதுலதான் கை நெறைய விபூதி பூசுவேன். இப்ப எல்லாத்தையும் மூடி வெச்சிருக்கீங்க. மறுபடி லைட் எரிஞ்சா என்னையக் கேக்காதீங்க."