புதன்கிழமை மன்றம்

"ஃபாதர், மன்றத்தை மட்டும் மூடிடாதீங்க. அந்தப் பொண்ணு ரொம்பப் பாவம்!"

கதவைத் தட்டக்கூடப் பொறுமையில்லாமல் உள்ளே நுழைந்தாள் அயல்மொழி மன்றத்தின் செயலாளர். சிற்றாலயத்துக்குப் பின்னாலிருந்த சின்ன அறையில், கிழிந்த பாட்டுப் புத்தகங்களுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார் கல்லூரிப் பாதிரியார். மாணவர் மன்றங்களுக்கெல்லாம் பொறுப்பு அவர்தான்.

"உக்காரும்மா. முதல்ல மூச்சு விடு."

"மூச்சை அப்புறம் விட்டுக்கறேன். எங்க ரூமை டேபிள் டென்னிஸ் டீமுக்குக் குடுக்கப் போறாங்களாமே?"

"அவங்க டீம்ல இருபது பேர். உங்க மன்றத்துல?"

மன்றத்தில் இருப்பது இரண்டே பேர். கடல் கடந்து படிக்க வந்திருக்கும் வெளிநாட்டுப் பெண் புதன்கிழமைதோறும் கரும்பலகையில் தன் மொழியை எழுதிப் போடுவாள். செயலாளர் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, நாக்கு சுளுக்கிக்கொள்ளும் அளவுக்கு அதைச் சொல்லிப் பார்ப்பாள். தலைவர், பொருளாளர், உறுப்பினர் எல்லாமே அவள்தான்.

"ஆள் சேர்க்க நான் படாத பாடு இல்ல ஃபாதர். கிளாஸ்ல ஒவ்வொருத்தரையா கூப்பிட்டுப் பார்த்துட்டேன். நான் எழுந்து வந்தாலே கும்பலா கேன்டீனுக்குப் போயிடறாங்க. மொழின்னா அதுங்களுக்கு அவ்வளவு வேப்பங்காய்!"

"சரி, மூடினாத்தான் என்ன?"

"நீங்களா இப்படிக் கேக்கறீங்க? போன வருஷம் என்னைக் கூப்பிட்டு, 'புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கா, பாஷை தெரியாது, கொஞ்சம் பார்த்துக்கோ'ன்னு சொன்னது நீங்கதானே? அன்னிலேருந்து அவளத் தனியா விட்டிருக்கேனா? மதியச் சாப்பாடு அவளோட. லைப்ரரி அவளோட. சாயங்காலம் நான் பஸ் ஏறி வீட்டுக்குப் போனதுக்கு அப்புறம் விடுதியில அவ என்ன செய்வாளோ, யாரோட பேசுவாளோன்னு அடிச்சுக்கும் மனசு."

முதல் நாள் கரும்பலகை முன்னால் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்த அந்தப் பெண் இப்போது எப்படி மாறிவிட்டாள்! செயலாளர் ஒரு வார்த்தையைத் தப்பாகச் சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பைக் கேட்பதற்காகவே சில நாள் வேண்டுமென்றே தப்பாகச் சொல்வதும் உண்டு. வாரத்தில் மற்ற நாட்களெல்லாம் அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் ஓடுகின்றன.

"அவளுக்கு என்னை விட்டா இங்க யாரு இருக்கா, ஃபாதர்?"

பாதிரியார் பசைப் புட்டியை மெதுவாக மூடி வைத்தார்.

"கவலையை விடு. மன்றம் நடக்கும். ரூமும் உங்களுக்குத்தான்."

அவளால் நம்ப முடியவில்லை. "நிஜமாவா? டேபிள் டென்னிஸ்காரங்க சும்மா விடுவாங்களா?"

"அவங்களே வேண்டாம்னு சொல்லிட்டாங்க. காலையில உன் டீச்சரம்மா மொத்த டீமையும் இழுத்துட்டு வந்து இங்க நிறுத்திட்டா."

"அவளா? அவ பேச்சை அவங்க எப்படிக் கேட்டாங்க? அவங்கள அவளுக்குத் தெரியவே தெரியாதே!"

"என்னம்மா இப்படிச் சொல்ற? விடுதியில அவளோட உக்காந்து, எழுந்து, கூத்தடிக்கற பட்டாளமே அதுதான்."

செயலாளர் விழித்தாள். இதை ஏன் ஒரு நாள்கூட அவள் சொல்லவில்லை?

பாதிரியார் கொஞ்சம் தயங்கினார். பிறகு, சொல்லிவிடுவதே நல்லது என்று பட்டதோ என்னவோ, அவள் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நானும் நீ கேட்ட மாதிரிதான், 'மன்றத்தை விட்டா உனக்கு இங்க யாரும் இல்லையா?'ன்னு அவளக் கேட்டேன். 'எனக்கு இங்க நிறையப் பேர் இருக்காங்க, ஃபாதர். ஆனா, முதல் வருஷம் முழுக்கத் தனியா உக்காந்து சாப்பிட்ட பொண்ணு, நீ அவளுக்குத் துணையா இருன்னு நீங்கதானே என்னை அனுப்பினீங்க? இப்ப மன்றத்தை மூடிட்டா, அவளுக்கு யாரு இருக்கா?'ன்னு ஒரே அழுகை."