தலை உடைந்த கோபுரம்

ஒரு ஜமீன் பங்களாத் தோட்டத்தில் பாதி உடைந்த கோபுரம் ஒன்று நின்றது. சீமைக்குப் போய்வந்த ஜமீன்தார், அங்கே பார்த்த இடிபாடு மாதிரியே வேண்டுமென்று, புதுச் செங்கல்லை வைத்து உடைந்தபடியே கட்டச் சொன்ன கோபுரம் அது. ஆனால் தன்னிடம் குடியிருந்த புறாக்களிடம் அது சொல்லிவந்த கதையே வேறு.

“பீரங்கிக் குண்டு, பிள்ளைகளா! தலையைக் கொண்டுபோயிடுச்சு. நான் அசைஞ்சேனா?”

பக்கத்துக் குதிரை லாயம் செருமும். “கொத்தனார் இருளாண்டி உன்னைக் கட்டினப்ப நான் பார்த்துக்கிட்டுத்தானே அண்ணே நின்னேன்?”

“சும்மா கிடடா, சாணி நாத்தம்!”

அந்தக் கதைக்காகவே புறாக்கள் அங்கே கூடு கட்டின.

பங்களாவில் கல்யாணம் வந்தது. “முகூர்த்த வீட்டுல இப்படியொரு மூளி நிக்கலாமா?” என்று ஜமீன்தாரின் மருமகள் கொத்தனாரை வரவழைத்தாள். சாரம் கட்டும் சத்தம் கேட்டதிலிருந்து கோபுரத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. கதை போனால் புறாவும் போய்விடுமே! வேண்டுமென்றே ஒரு செங்கல்லை உதிர்த்துப் பார்த்தது. கொத்தனார் அதையும் பொறுக்கிவைத்துப் பூசினார். நாலே நாளில் தலை முளைத்து, கலசமும் ஏறிவிட்டது.

லாயம் குலுங்கிச் சிரித்ததில் அதன் கூரையிலிருந்து ஓடுகள் பொலபொலவென்று சரிந்தன.

வேலைச் சத்தத்தில் பறந்துபோயிருந்த புறாக்கள் திரும்பிவந்து விழித்தன. “தலை இருக்கே தாத்தா! அப்போ அந்தக் குண்டு?”

கோபுரம் லாயத்துக் கூரையிலிருந்த ஓட்டையைப் பார்த்தது.

“நான்தான் சட்டுனு குனிஞ்சுட்டேனே! பாவம், அவன்மேல பட்டுடுச்சு.”